வெள்ளரிக் குடிலுக்குள் ஒரு சாமந்தி மாலை

காலை ஆறே முக்கால். ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் ஆட்டோ பிடித்து, கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கினேன், நூறு ரூபாய். அங்கிருந்து நாமக்கல் பஸ்ஸில் தொட்டியம். மடியில் பெருமாள் சந்நிதியில் கிடைத்த சாமந்தி மாலை. கோயில் பக்கம் வரமுடியாத சிநேகிதனைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா?

சிநேகிதன் முருகேசன் என்னோடு பள்ளியில் படித்தவன். பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வளர்க்கிறான். போன கோடையில் காற்றில்லாத அந்தக் குடிலுக்குள் பூச்சிமருந்து அடித்துவிட்டு அங்கேயே சுருண்டு விழுந்தான். பிழைத்தான், கைநடுக்கம் மட்டும் போகவில்லை. இன்னொரு தடவை என்றால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் மனைவி சுந்தரி விஷமில்லாமல் பயிர் செய்கிறாள். அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

ஒன்பதரை மணி. தொட்டியத்திலிருந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர். குடிலுக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கவேண்டும்.

"காலக் கழுவுங்கண்ணே. அந்த மஞ்சத் துண்ட வெளிய வச்சிடுங்க, மஞ்சளுக்கு வெள்ளை ஈ அப்பிக்கிட்டு வந்துரும்" என்றாள் சுந்தரி. "பையில என்ன?"

"பெருமாள் மாலை."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. செருப்புக் கிடக்கும் இடத்தில் பெருமாள் மாலையை வைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குள் முருகேசன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, உள்ளே வாசலோரக் கம்பியில் மாட்டிவிட்டான்.

செடிகளுக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாகப் பசை தடவிய அட்டைகள் தொங்கின. வேப்பெண்ணெய் நெடி. இலைகளின் அடியில் சின்னச் சின்னத் தாள்துண்டுகள், அவற்றில் பூச்சியைத் தின்னும் பூச்சியின் முட்டைகள். தினமும் ஓர் இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டி, விழுவதைப் பார்த்து, அன்றைய வைத்தியத்தை முடிவு செய்கிறாள். ஐந்து மாதமாக ஒரு சொட்டு விஷம் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே சாதித்ததுபோல.

மூன்று மணி. முருகேசன் உறங்கப் போயிருந்தான். வாசலோரச் செடியைத் தட்டினாள் சுந்தரி. தாளில் நூல்பிசிறுபோல ஏழெட்டு நெளிந்தன. இலைப்பேன். மாலையிலிருந்து ஒரு பூவைப் பறித்துத் தட்டினாள். எண்ண முடியவில்லை.

"நான்தானேம்மா கொண்டுவந்தேன்" என்றேன்.

"பேனைத் தின்னுற பூச்சியோட புது முட்டை வர நாலு நாளாவும். அதுவரைக்கும் வேப்பெண்ணெய்தான். அவர்ட்ட சொல்லிடாதீங்கண்ணே. பழைய மருந்து மோட்டார் ரூம்ல இருக்கு. எங்க கொட்டுறதுன்னு தெரியாம பூட்டி வச்சிருக்கேன்."

மாலையை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொடுத்தாள். "வாடிருச்சு, ஆத்துல விடச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன்." திரும்பும் வழியில் கொள்ளிடம் பாலத்தில் நின்று பூக்களை உதிர்த்தேன். பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் சுந்தரி போன் செய்தாள். புது முட்டை வந்தும் பேன் அடங்கவில்லையாம். டவுன் பஸ்ஸில் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சந்தைக்குப் போன நேரத்தில், சுருண்டுபோன இலைகளைப் பார்த்துப் பொறுக்காமல் பூட்டை உடைத்திருக்கிறான் முருகேசன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாதிக் குடில் வரை அடித்து, அங்கேயே விழுந்திருக்கிறான்.

என்னைக் கண்டதும் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினான்.

"அன்னிக்கு நீ மாலை கொண்டாந்தியே, அதான்டா உசுரக் காப்பாத்துச்சு."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற சுந்தரி தரையைப் பார்த்தாள்.

"நான் வீட்டுக்குப் போனதும் இன்னொண்ணு கொண்டா. குடிலுக்குள்ளயே மாட்டணும்."

சரி என்று தலையாட்டினேன்.