ஆறு மெஷினும் பச்சை

பெருந்தேவி கெட்டிக்காரி. அது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும் என்பதுதான் குறை. ஒரகடத்தில் புகை அலாரம் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷமாக டெஸ்டிங் லைனில் நிற்கிறாள். அலாரத்துக்குள் போகிற போர்டை மெஷினில் வைத்து மூடியை அழுத்தினால், உள்ளே துளி புகை விட்டு, போர்டின் சென்சார் பதில் சொல்கிறதா என்று மெஷின் பார்க்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சென்சாருக்கு லைன் பெண்கள் வைத்த பெயர் மூக்கு.

எத்தனை நாள்தான் நின்றே காலம் தள்ளுவது? சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், போனிலேயே சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்க ஆரம்பித்தாள். புரோகிராம் எழுதுவது, சோதிப்பது, ஒரே கட்டளையில் எல்லா மெஷினுக்கும் அனுப்புவது எல்லாம் படித்தாள். சூப்பர்வைசர் கோபிநாத்துக்கு அது காதில் விழுந்தது.

“செத்த போர்டு வந்தா மெஷினு அரை நிமிசம் காத்துக்கினு நிக்குதும்மா. அத்த கொஞ்சம் பாரேன்” என்றார்.

பார்த்தாள். ஒரே ஒரு வரி எழுதினாள்: பதில் வராவிட்டால் காத்திருக்காதே, மேலே போ. ஆறு மெஷினுக்கும் அனுப்பினாள். லைன் பிய்த்துக்கொண்டு ஓடியது. ரிஜெக்ட் பூஜ்யம் என்று மீட்டிங்கில் கை தட்டினார்கள். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் டெஸ்டிங் வேலைக்கு அவள் பெயர் போனது. திங்கட்கிழமை இன்டர்வியூ.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை பஸ்ஸில் படித்த பாடத்தில், ஒரு தடவையாவது சிவப்பு காட்டாத சோதனையை நம்பாதே என்று இருந்தது. சரிதான் என்று தள்ளிவிட்டாள். பத்து மணிக்கு, பக்கத்து மெஷின் பெண்ணோடு பேசிக்கொண்டே, போர்டு வைக்காமல் மூடியை அழுத்திவிட்டாள்.

பச்சை எரிந்தது. ‘சரி’ என்று நம்பர் போட்ட ஸ்டிக்கர்கூட வெளியே வந்தது, இல்லாத போர்டுக்கு.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. மறுபடி வெறும் மூடியை அழுத்தினாள். பச்சை, இன்னொரு ஸ்டிக்கர். கழிவுத் தொட்டியிலிருந்து மூக்கு உடைந்த போர்டு ஒன்றை எடுத்து அடுத்த மெஷினில் வைத்தாள். அதிலும் பச்சை. ஆறு மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். அவள் எழுதிய வரி சிவப்பையே தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மௌனம் சம்மதம் என்று பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்வார்கள். அதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி இவள்தான்.

அவள் போய்ச் சொன்னதும், வெளியே போன சரக்கின் பட்டியலைக் கோபிநாத் எடுத்தார். அந்த வரியை அனுப்பி ஒன்பது வாரம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஷிஃப்டுக்கு ஆறேழு சிவப்பு வரும். அப்படியானால் நூற்றுக்கணக்கில் செத்த மூக்குகள் வெளியே போயிருக்கின்றன. எது செத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கூரையில் மாட்டினால் எல்லா அலாரத்திலும் விளக்கு ஒரே மாதிரிதான் மினுங்கும்.

“மொத லாட்டு எங்க சார் போச்சு?”

“உங்க ஹாஸ்டலுக்குத்தான். மாட்டிக் குட்த்தாங்களே.” குரலைத் தாழ்த்தினார். “இன்னும் யாரும் ஒண்ணும் கேக்கல. நீ கம்முனு இரு. இன்டர்வியூ முடியட்டும், மெதுவா சரி பண்ணிக்கலாம்.”

மனுஷர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேலை போய்விடும். அவளுக்கு ஹாஸ்டல் கண்ணில் வந்தது. இந்நேரம் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நைட் ஷிஃப்ட் பெண்கள் அறை அறையாகத் தூங்குவார்கள். அறைத்தோழி லீலா முகம்வரை போர்த்திக்கொண்டு கிடப்பாள். கீழே சமையல்கட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அடுப்புகள் எரியும். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே அந்த அலாரம் மினுங்கிக்கொண்டிருக்கும். பெருந்தேவிக்குப் பயமாக இருந்தது. வேலை பறிபோகும் என்ற பயம் அதற்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

லைனை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. நாற்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. நிறுத்தினால் காரணம் எழுத ஒரு படிவம் உண்டு. மெஷின் கோளாறு என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். “அப்டியே எழுதும்மா” என்றார் கோபிநாத், கெஞ்சாத குறையாக. அவள் தன் பெயரையும், தான் எழுதிய வரியையும், அதை அனுப்பிய தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கோபிநாத்தின் மேஜை போனை எடுத்து லீலாவின் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. மறுபடி போட்டாள். ஹாஸ்டல் வார்டனுக்குப் போட்டாள். எங்கேயும் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.