குடத்துக்குப் பேரு போட்ட மாரியக்கா

இன்னைக்குப் பரளச்சி பஸ்ஸுல பக்கத்து சீட்டுல மாரியக்கா. பஞ்சு குடோன்ல மூட்டைக்குப் பேரு எழுதுனவுக.

தொண்ணூறுகள்ல தண்ணி கேட்டு, காலிக் குடத்தோட நாங்க ரோட்டுல உக்காந்தோம். மறுநாள் தமிழ்ப் பேப்பர்ல "மறியலால் பயணிகள் அவதி". இங்கிலீஷ் பேப்பர்ல "போக்குவரத்து பாதிப்பு"ன்னு எங்க ஊரு டீச்சரு வாசிச்சுச் சொன்னாக.

"ரெண்டு பாஷையிலயும் பஸ்ஸுக்குத்தான் தாகமா? பேரு போடாத மூட்டை கண்டவன் பேருல போயிரும் தாயி"ன்னாக அக்கா.

அடுத்த மறியலுக்கு மூட்டைக்குப் பேரு எழுதுற மையைக் கொண்டாந்து, குடத்துக்குக் குடம் "தண்ணி குடு"ன்னு எழுதிட்டாக. மறுநாள் பேப்பர்ல தலைப்பு அதே "அவதி"தான். ஆனா போட்டோவுல குடம் பேசிருச்சு. அந்த வாரமே தண்ணி லாரி வந்துச்சு.

இன்னைக்கு போன்ல வேற ஊரு மறியல் செய்தியை வாசிச்சுக் காட்டினேன். "வாகன ஓட்டிகள் கடும் அவதி."

அக்கா சிரிச்சாக: "ஏன், அந்த ஊருல மை கிடைக்கலையாக்கும்?"

உங்க ஊருச் செய்தியில இன்னைக்கு யாருக்குங்க அவதி?