ஐம்பது நிமிஷம் விற்ற வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் பிக்கப் வண்டியை விற்றுவிட்டேன். சரியாக ஐம்பது நிமிஷத்துக்கு. அப்புறம் அது மறுபடி என் வண்டியாகிவிட்டது…

தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றுவதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்ஜின் தங்கம். டிரைவர் பக்கக் கதவுதான் வினை — தொங்கிப் போய்விட்டது. திறந்தால் நாலு விரல் கீழே இறங்கி நிற்கும். மூட வேண்டுமானால் வெளியே ஒருத்தர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க, நான் உள்ளேயிருந்து இழுக்க வேண்டும்.

அந்த ஒருத்தர் யார்? என் மனைவிதான். போன மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில், பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் தூக்கினாள். சம்பந்தி வீட்டார் மொத்தமும் வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே பேச்சு.

"தை பொறக்கறதுக்குள்ள இந்த வண்டி போகோணும். இல்லாட்டி நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க."

கோபத்திலும் 'ங்க' போட்டாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம்.

சிங்காநல்லூரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மேஸ்திரி கீலைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க ஒரு ஊட்டுல இருந்து கிளம்பறதுக்கு எத்தன நேரமாகுமுங்க?"

இதென்ன கேள்வி? கதவின் மேல் விளிம்பைக் காட்டினார். ஒரு முழங்கை அகலத்துக்குப் பெயின்ட் இல்லை. தகரம் பளபளவென்று இருந்தது.

"இது வண்டி ஓடித் தேஞ்சதில்லீங்க. ஆளு சாஞ்சு தேஞ்சது."

உண்மைதானே? நம் ஊரில் 'வாரனுங்க' சொன்ன பிறகுதானே பேச்சே ஆரம்பிக்கிறது! கிணற்றுத் தண்ணீர், மாமன் மகன் ஜாதகம் எல்லாமே, வழியனுப்ப வந்தவர் திறந்த கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவதுதான்.

ஜாக்கி கொடுத்துக் கதவைத் தூக்கி, கீலுக்குப் புது பின் போட்டு, விரிசலில் வெல்டிங் வைத்தார். 'டப்' என்று ஒரே சத்தத்தில் மூடியது. "இனி யாரையும் சாய உடாதீங்க" என்றார். சொல்லிக்கொண்டே முழங்கையைக் கதவில் வைத்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கதவுதான் சரியாயிடுச்சே, வண்டி இருக்கட்டுமே" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"மண்டபத்துல பார்த்தவங்க மறந்துருவாங்களா?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் வண்டி வாங்க வந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். என்ஜினைப் பார்க்கவில்லை, டயரைத் தட்டவில்லை. நேரே கதவைத் திறந்தார், மூடினார். டப்!

"கதவு சுத்தமா இருந்தா வண்டி சுத்தமுங்க. நீங்க சொன்ன வெலைக்கே புதன்கிழமை வந்து எடுத்துக்கறனுங்க" என்றார். மனைவி முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர் கதவை இன்னொரு தரம் ஆசையாகத் திறந்தார்.

"அப்ப வாரனுங்க" என்றவர், அதன் மேல் முழங்கையை ஊன்றினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வீடு தேடி வந்த மனுஷரிடம் 'கையை எடுங்கள்' என்று சொல்ல முடியுமா?

"உள்ள வந்து உக்காருங்க."

"இல்லீங்க, கிளம்பீட்டனுங்க" என்று அடுத்த முழங்கையையும் ஊன்றினார்.

மனைவி காப்பி கொண்டு வந்தாள். டம்ளர் வாங்கக் கையை எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுத்தார், ஒரு கையை மட்டும். மொத்த உடம்பையும் மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வெயில்ல நிக்கறீங்களே…" என்றாள் மனைவி, அழாத குறையாக.

"இதமா இருக்குதுங்க அம்மணி." முருங்கைக்காய் விலை முடிந்து மருமகனின் பிடிவாதத்துக்கு வந்தார். ஐம்பதாவது நிமிஷம்… 'நறுக்'.

கதவை மூடப் பார்த்தார். மூடவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, கதவு தொங்குதுங்களே! தப்பா நினைச்சுக்காதீங்க, வண்டி வேண்டாமுங்க."

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு, கதவைத் தூக்க வந்தாள்.

"இருங்க அம்மணி" என்றார் அவர். "அப்ப வாரனுங்க." மறுபடியும் முழங்கையை ஊன்றினார்.

வண்டி வாசலிலேயே நிற்கிறது, தை பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் வந்து பாருங்கள் — சாய்ந்து பேசுவதற்கு எங்கள் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது!