தழும்பில்லாத ஊசி

வேலூர் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இந்தக் கொழந்தைக்கு முன்னாடி எப்பவாவது ஸீரம் ஊசி போட்டிருக்காங்களா?"

இல்லை என்றேன்.

அது பொய். நோயுற்ற குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போகும் தாய்மார்களுக்காகவே இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

என் மகள் எஸ்தருக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். கஞ்சி வேண்டாமென்று தலையைத் திருப்பினாள். அடம் என்று எண்ணி முதுகில் ஓர் அடியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்நாக்கின் இருபுறமும், சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோல் போல, சாம்பல் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

என் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா. அவர் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸிலேயே வேலூருக்குப் புறப்பட்டோம்.

டிப்தீரியா (தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் நோய்) என்றார்கள். அதற்கு மருந்து ஸீரம் (நோயின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதை முறிக்கும் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் உண்டான பிறகு எடுக்கும் தெளிநீர்).

முந்தின வருஷம், கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், எஸ்தர் தோல் சீவும் கத்தியை மிதித்துவிட்டாள். ரணஜன்னி (காயத்தின் வழியே நுழைந்து தாடையைக் கிட்டவைக்கும் நோய்) வராமலிருக்க ஆம்பூர் டாக்டர் ஓர் ஊசி போட்டார். அதுவும் குதிரை ஸீரம்தான் என்று அவரே சொன்னார். பத்து நாள் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு வந்து தானாகவே அடங்கியது.

இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் ஏன் மறைத்தேன்?

அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைப் பார்ப்பார். முன்பே குத்திய தழும்பு இருந்தால், "உனுக்கு ஆச்சு, போ" என்று தள்ளிவிடுவார். இங்கும் அப்படித்தான் இருக்கும், ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். நல்லவேளை, இந்த ஊசிக்குத் தழும்பில்லை என்றுகூட நினைத்தேன். கணவர் அப்போது பெயர் பதியும் மேஜையருகில் நின்றிருந்தார்.

ஊசி போட்டார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்து வைப்பதற்குள் எஸ்தர் உள்ளங்கையைச் சொறிந்தாள். "அம்மா, அரிக்குது" என்றாள். கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தது. உதடு வீங்கியது. அப்புறம் மூச்சு உள்ளே போகவில்லை. என் மடியிலேயே அவள் முகம் நீலமாக மாறிற்று.

டாக்டரம்மா குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிப் படுக்கவைத்து வேறோர் ஊசி போட்டார். அட்ரினலின் (சுருங்கிய மூச்சுக்குழலைத் திறந்து, தளர்ந்த நாடியைத் தூக்கும் மருந்து). அது வேலை செய்ய எவ்வளவு நேரமானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் இருமி அழுத பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மைத் தழும்பை நினைத்துப் பயந்ததையும் சொன்னேன்.

கணவர் என்னையே பார்த்தார். "எட்டாவது வரிக்கும் படிச்சவ நீ. இன்னா காரியம் பண்ணிட்ட?"

"எட்டாவதுல குதிரை ஸீரம் பாடம் இல்லீங்க," என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மை குத்தினா ஒடம்பு தானே எதிர்ப்பொருள் செய்யக் கத்துக்கும். ஸீரம் அப்படியில்ல. அது குதிரைகிட்ட வாங்கின கடன் சரக்கு. போன தடவ உன் பொண்ணு ஒடம்பு அந்தக் குதிரைச் சரக்கையே எதிரின்னு நெனச்சு, அதுக்கு எதிரா ஒண்ண செஞ்சு வச்சிருக்கு. பத்தாம் நாள் தடிப்பு வந்துதுன்னியே, அதுதான் அடையாளம். இன்னிக்கு மறுபடி பாத்ததும் பாஞ்சிடுச்சு."

"அப்ப இனிமே ஊசி போட முடியாதா?"

"போடாம விட்டா தொண்ட அடைச்சிடும்மா."

நான் பொய் சொல்லி வாங்க நினைத்த மருந்தை, உண்மையைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அன்று பகல் முழுவதும் ஸீரத்தை உப்பு நீரில் கரைத்து, முதலில் ஒரு துளி, அரைமணி கழித்து இன்னும் கொஞ்சம் என்று ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகில் நின்றார். நான் மகளின் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தேன். மூன்றாம் நாள் சவ்வு கழன்று வந்தது.

இப்போது எஸ்தருக்கு ஏழு வயது. கத்தியை மிதித்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. எனக்கும் அது முடிந்துபோன ஒரு விஷயமாகத்தான் இருந்தது. அவள் இரத்தத்தில் மட்டும் அது முடியாமல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாமல் இந்த உடம்பு இன்னும் எதையெல்லாம் வைத்திருக்கிறதோ என்று கை ஒருகணம் நின்றுவிடுகிறது.

போன வாரம் ஆம்பூர் ஸ்டேஷனில் ஜட்கா குதிரையைத் தொடப் போனாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"வுடும்மா, கடிக்காது. ரொம்ப சாது," என்றார் வண்டிக்காரர்.

"குதிரை சாதுதான் மாமா," என்றாள் எஸ்தர். "என் ரத்தந்தான் அதோட சண்டைக்குப் போவும்."

அவர் சிரித்தார். நாங்கள் நடந்தே வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் உள்ளங்கை என் கைக்குள் இருந்தது. சொறிகிறாளா என்று கவனித்துக்கொண்டே நடந்தேன்.