உதடு வீங்கிய மருமகன்

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் என் கீழுதடு வீங்கிப்போயிற்று. கொஞ்சநஞ்ச வீக்கமல்ல. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. காது மடல் அரித்தது, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. புது மாப்பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் வாசலிலேயே நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் சித்தாண்டிக்காரன், பள்ளிக்கூட ஆசிரியன். பெரியகல்லாற்றில் பெண் எடுத்து, அங்கேயே மாற்றமும் வாங்கிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் மாமி, என் மனைவி, நான், மூன்றே பேர். மாமிக்கு நான் ஒரே மருமகன் என்பதால் அந்த மூன்று நாளும் கடலையும் வாவியையும் சட்டிக்குள் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நண்டுக் குழம்பு, இறால் பொரியல், இறால் போட்ட முருங்கைக்காய்க் கறி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முருகன் கோயிலில் வேலை. மீனே மாதத்தில் சில நாள்தான் சமைப்பார்கள். இறாலையும் நண்டையும் அம்மா படி ஏற்றுவதில்லை. இருபத்தாறு வயதில்தான் அந்த ருசியை முதன்முதல் கண்டேன். அசுரப்பசியோடு தின்றேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காரணம் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. இறால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாமி அன்றைக்கே இறாலையும் நண்டையும் நிறுத்தினார். அத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இல்லை. ஆனால் வீக்கம் நிற்கவில்லை. முன்போல் பெரிதாக இல்லை, இரண்டு நாளைக்கு ஒருதரம், மூன்று நாளைக்கு ஒருதரம், உதட்டில் ஒரு தினவு, கழுத்தில் நாலு தடிப்பு.

பரியாரியார் வந்து நாடி பிடித்தார். தோலில் தடிப்பைக் கிளப்பும் கிரந்திக் குணம் என்றார். கத்தரிக்காய் கூடாது, பூசணிக்காய் கூடாது, அன்னாசி கூடாது, பாரை மீன் கூடாது. ஒரு மாதம் கழித்து வந்து, வீக்கம் குறையவில்லை என்று அறிந்ததும் முருங்கைக்காயையும் பலாவையும் தள்ளினார். அதற்கடுத்த மாதம் மீன் என்ற பேச்சையே நிறுத்தினார். மனிதர் இன்னும் இரண்டு தடவை வந்திருந்தால் தண்ணீரையும் நிறுத்தியிருப்பார்.

ஒன்றைச் சாப்பிடாமல் விடுவது பெரிய காரியமல்ல. சாப்பிடமாட்டேன் என்று சொல்வதுதான் பெரிய காரியம். கல்லாற்றில் எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு இல்லாமல் அனுப்பமாட்டார்கள். "மாஸ்டர், எங்கட வீட்டுச் சோறு கசக்குதோ?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். கத்தரிக்காய் வேண்டாம் என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். விளக்கினால், என் மச்சானுக்கும் இப்படித்தான் என்று தொடங்கி, அந்த மச்சான் எப்படிச் செத்தான் என்பதில் போய் முடிப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் இதைக் கேட்டுவிட்டு எவனால் கை நனைக்க முடியும்? பிறகு பிறகு, வயிறு சரியில்லை என்று ஒரே பொய்யை எல்லா வீட்டுக்கும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூட விடுமுறைக்குச் சித்தாண்டிக்குப் போனேன். இரண்டே நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. பரியாரியார் தள்ளிவைத்த கத்தரிக்காயை அம்மா பால்கறியாகவே வைத்துத் தந்தார். ஒன்றும் செய்யவில்லை. பூசணிக்காய் தின்றேன், அதுவும் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கல்லாற்றுக் கத்தரிக்காய்க்கும் சித்தாண்டிக் கத்தரிக்காய்க்கும் என்ன பகை?

அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "மனே, உனக்கு மருந்து வச்சிட்டாளுகள்," என்றார்.

மருந்து என்றால் வசிய மருந்து. புருஷன் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சோற்றில் கலந்து கொடுப்பார்களாம். எங்கள் மாவட்டத்தைப் பற்றி வெளியூரார் இப்படிக் கதைப்பதைக் கேட்டு நான் எத்தனையோ தரம் சண்டைக்குப் போயிருக்கிறேன். அதையே என் அம்மா என் மாமியைப் பற்றிச் சொன்னபோது கோபம் தலைக்கேறியது. "விசர்க்கதை கதைக்காதீங்க அம்மா" என்று சத்தம் போட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த நினைப்பு என் கூடவே வந்தது. பயம் கால்பங்கு, அறியும் ஆவல் முக்கால்பங்கு.

அந்த ஆவல்தான் என்னைக் கெடுத்தது. வந்ததும் யாரிடமும் சொல்லாமல் சோதனையில் இறங்கினேன். ஒரு நாளைக்குச் சோற்றோடு ஒரே ஒரு கறி. மற்றதெல்லாம் தொடாமல் அப்படியே இருக்கும். தின்றது என்ன, உதடு என்ன சொன்னது என்று பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாளில் குறித்துவைத்தேன். குறிப்பைப் பார்க்கப் பார்க்க மண்டை குழம்பியது. திங்கட்கிழமை பூசணிக்காய் வீங்க வைத்தது. வியாழக்கிழமை அதே பூசணிக்காய் சும்மா இருந்தது. புடலங்காய் ஒரு நாள் நண்பன், ஒரு நாள் எதிரி. பால்சொதி மட்டும் எப்போதும் என் பக்கம். எனக்கு இதில் ஒரு ருசியே பிடித்துவிட்டது. காலையில் எழும்பியதும் இன்றைக்கு எதைத் தின்று பார்க்கலாம் என்றுதான் யோசிப்பேன்.

மாமி வைத்த கறிகளை வரிசையாகத் தள்ளிவைத்துவிட்டு எழும்புகிற மருமகன் ஊர் கண்ணுக்கு எப்படித் தெரிவான் என்று நான் யோசிக்கவில்லை. அதே சமயம் சித்தாண்டியிலிருந்து கருவாடு வாங்க வந்த எங்கள் உறவுக்காரி ஒருத்தி, அம்மா சொன்ன மருந்துக் கதையைக் கல்லாற்றுச் சந்தையில் அவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மாமி கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுபோகுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பூசணிக்காயோடு இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மனைவி அழுத முகத்தோடு நின்றாள். அவள் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி.

"நீங்க கொப்பியில என்னத்தையோ எழுதிக்கிட்டு இரிக்கீங்க. அம்மா விடியவே களுதாவளைக்குப் போய், பிள்ளையாருக்கு முன்னால கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிட்டு வந்திரிக்கா. மருமகன்ட சோத்தில நான் ஒண்டும் போடல்ல எண்டு. இதுக்குமேல அவ என்ன செய்யணும்?"

நேரே குசினிக்குள் போனேன். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை குசினிக்குள் போய்க் குந்துவது வழக்கமில்லை. மாமி பதறி எழும்பினார். "மாமி, நான் உங்களில ஒரு சந்தேகமும் படல்ல. என்ட உடம்பிலதான் சந்தேகம். நீங்க சமையுங்க, நான் இரிந்து பார்க்கிறன்," என்றேன். அவர் குந்தி அடுப்பை ஊதினார்.

புடலங்காய் வெட்டினார், வெங்காயம் போட்டார், தேங்காய்ப்பால் விட்டார். எல்லாம் நான் அறிந்த சாமான்கள். சட்டியை இறக்குவதற்கு முன் மூலையிலிருந்த சின்ன முட்டியைத் திறந்து, விரல் நுனியால் ஏதோ தூளை எடுத்து இரண்டு தரம் தூவினார்.

"அது என்ன மாமி?"

"இது ஒண்டுமில்ல மருமகன், கூனித்தூள். மீனும் இல்லாம வெறும் மரக்கறியைத் தின்னுறீங்க. வாய்க்கு ருசியா இரிக்கட்டும் எண்டு உங்கட கறிக்குக் கொஞ்சம் கூடப் போடுறன். போன கிழமை முடிஞ்சிட்டு, இப்பதான் புதுசா இடிச்சன்."

கூனி என்பது வாவியில் அள்ளுகிற மிகச் சின்ன இறால். காயவைத்து, வறுத்து இடித்து வைப்பார்கள். ஆனால் கல்லாற்றில் எவரும் அதை இறால் என்று சொல்லமாட்டார்கள். இறால் என்றால் தோலுரித்துச் சமைப்பது. கூனி, உப்பு மிளகாய் மாதிரி ஒரு சேர்மானம், அவ்வளவுதான். நான் இறாலை நிறுத்தச் சொன்னேன், மாமி நிறுத்தினார். பரியாரியார் மீனை நிறுத்தச் சொன்னார், மாமி அதையும் நிறுத்தினார். ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, மருமகனின் சாப்பாடு சப்பென்று போகிறதே என்று கூனியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். முட்டியில் தூள் இருந்த நாளில் பூசணிக்காய் எதிரி, தூள் தீர்ந்த நாளில் நண்பன்.

முட்டியில் விரலை வைத்து ஒரு சிட்டிகை நாக்கில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு தினவெடுத்தது. கண்ணாடிக்கு ஓடினேன். வீக்கம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே, "பிடிச்சிட்டன்! பிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். இனி ஊர் வாயை அடைத்துவிடலாம், அம்மாவுக்கும் நல்ல பதில் சொல்லலாம் என்று துள்ளிக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன். மாமி அடுப்படியில் அப்படியே குந்தியிருந்தார்.

"அப்ப நான் போட்டுத்தானே இரிக்கன்," என்றார்.

"தெரியாமப் போட்டது மாமி. அதில என்ன இரிக்கு?"

"ஒண்டும் போடல்ல எண்டு சத்தியம் பண்ணிட்டனே மருமகன். போட்டிருந்தா என்ட மகள்ட வயித்தில இரிக்கிற பிள்ளை எனக்கில்ல எண்டெல்லவா சொல்லிட்டு வந்தன்."

எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் மருந்தைப் பற்றியது, கூனியைப் பற்றியதல்ல என்றேன். பிள்ளையாருக்கு மனசு தெரியாதா என்றேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் அவரை வண்டிலில் களுதாவளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சந்நிதியில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். குற்றம் என்னுடையது, கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் ஒளித்துச் சோதித்தவன் நான் என்று பக்கத்தில் நின்று நானும் வாய்விட்டுச் சொன்னேன். நான் பெரிய பக்திமான் அல்ல. அன்றைக்கு மனதாரச் சொன்னேன்.

அன்றிலிருந்து மாமி ஒருநேரச் சோறுதான். அதுவும் உப்பில்லாமல். பிள்ளை பிறக்கும் வரைக்கும் என்று நேர்ந்துகொண்டார். எனக்கோ இறால், நண்டு, கூனி தவிர எல்லாக் கதவும் திறந்துவிட்டது. கத்தரிக்காய், பூசணிக்காய், பாரை மீன் எல்லாம் வாய்க்கு வாய் ருசியாக ஆக்கிப் போடுவார். நான் சாப்பிட, எதிரே குந்தியிருந்து என் உதட்டையே பார்ப்பார். எனக்குத் தொண்டையில் இறங்காது. நிறுத்தச் சொல்லி நானும் மனைவியும் எவ்வளவோ மன்றாடினோம். ஐந்து மாதத்தில் மனுசி பாதியாகிப் போனார்.

ஒரு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம், நல்ல குரல். மருத்துவிச்சி குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும், மாமி கைவிரலையும் கால்விரலையும் எண்ணினார், காதுமடலைத் தடவினார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு அறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, "மருமகன், எனக்குப் பசிக்குது," என்றார்.

வீட்டில் கை ஒழிந்த ஆள் நான் ஒருவன்தான். உலை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது, கத்தரிக்காய்க் கறியில் உப்பு அள்ளிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கே வாயில் வைக்க முடியவில்லை. மாமி சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கறி இருக்கிறதா என்று கேட்டார்.