நேர்கோடாய்ப் போன செவ்வாய்க்கிழமை

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வர் எப்போதெல்லாம் நின்றது என்று குறித்து வைக்கும் வேலையை அந்தச் சர்வரிடமே ஒப்படைத்தவன் நான். செத்த நேரத்தைப் பிணமே எழுதிவைக்கும் என்று நம்பியிருக்கிறேன். இதற்குச் சம்பளம் வேறு.

ராமநாதபுரத்திலிருந்து கடலோர ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. சர்வர், மண்டபம் என்ற ஊரில் ஓர் அறையில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு வரி, 'நலம்' என்று லாக் எனும் பதிவுக் கோப்பில் எழுதும். கரண்ட் போனால் கிழட்டு பேட்டரி பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் படுத்துவிடும். அப்புறம் எங்கள் டெக்னீசியன் பாய் ராமநாதபுரத்திலிருந்து வண்டியை விரட்டிப் போய் எழுப்பிவிட வேண்டும். இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவே தவறிவிட்டது அவருக்கு. புது பேட்டரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

"போன மாசம் எத்தன தடவ நின்னுச்சுன்னு கிராப்புல காமிங்க, வாங்கித் தாரேன்" என்றார் முதலாளி.

கிராப் என் வேலை. லாக்கை என் புரோகிராமுக்குள் கொட்டினேன். தனுஷ்கோடி ரோடு மாதிரி வளைவு நெளிவில்லாத ஒரு பச்சைக் கோடு வந்தது. தடங்கல்: பூஜ்யம். பெருமையோடு முதலாளிக்கு அனுப்பிவைத்தேன். அவர் பாயைக் கூப்பிட்டு, "நல்லாத்தான ஓடுது, எதுக்குப் புது பேட்டரி?" என்று கேட்டுவிட்டார்.

பாய் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏந்தம்பி, போன மாசம் சர்வர் படுத்த அந்தச் செவ்வாக்கெழம பூரா நான் அங்கன என்ன, நண்டு புடிச்சுக்கிட்டா இருந்தேன்?"

லாக்கைத் திறந்தேன். செவ்வாய் காலை ஒன்பதுக்கு ஒரு 'நலம்'. அடுத்த 'நலம்' மாலை நான்குக்கு. நடுவில் எழுத ஆளில்லை. என் புரோகிராம் இரண்டு புள்ளிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பகல் முழுக்க நலம் என்று முடித்துவிட்டது.

வரி இல்லாத இடமெல்லாம் தடங்கல் என்று மாற்ற இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் எங்கோ தப்பு செய்து மாதம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கமுதி மிளகாய்க் களம் தோற்றது. மறுநாள் ஒருவழியாய்ச் சரிசெய்து முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"அன்னைக்குப் பச்ச, இன்னைக்குச் செவப்பு. எதுய்யா நெசம்?"

"செவப்புதான் மொதலாளி. பச்ச என் கிறுக்குத்தனம்."

மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேட்டரிக் கடைக்குப் போன் போட்டார்.

நான் வெளியே ஓடிவந்து பாயைப் பிடித்தேன். "பாய், புது பேட்டரி வருது! போன மாசம் மொத்தம் ஆறு தடவ நின்னுருக்கு. ஒண்ணு விடாம கண்டுபிடிச்சிட்டேன்ல!"

"ஏழு தடவ, தம்பி. ஒரு தடவ நான் எழுப்பிவிட்டு, அது 'நலம்'னு எழுதுறதுக்குள்ளயே மறுபடி படுத்துருச்சு."