சுகிர்தம் திரும்பக் கேட்ட நாட்கள்

தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே இருந்த அந்த நூற்பாலைக்கு 1988-இல் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க வந்தவள் சுகிர்தம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே கண் கனவுக்குப் போய்விடும் பெண். ஜன்னலோர வெயிலில் ஒரு பஞ்சுத் துகள் மிதந்தால் போதும், அது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அத்தனை அழகாக மிதந்தால் அவளைத்தான் எப்படிக் குற்றம் சொல்வது?

பன்னிரண்டு தற்காலிகப் பெண்களின் வருகை நாட்கள் ஒரு பிளாப்பி டிஸ்க்கில் இருந்தன. இரண்டு வருஷத்தில் 480 நாள் வந்திருந்தால் வேலை நிரந்தரம். வெள்ளிக்கிழமை பட்டியல் மதுரைக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டர் வந்த பெருமையில் மேனேஜர் ஞானசிகாமணி வருகைச் சீட்டுகளை மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டிருந்தார். பிளாப்பிக்கு நகலும் கிடையாது.

புதன்கிழமை மத்தியானம், கடைசி மாதத்தையும் தட்டிக் கூட்டுத்தொகை பார்த்துச் சேமிக்கும்போது, சுகிர்தம் கைமறதியாய்ப் பஞ்சு இருப்புப் பிளாப்பியைச் செருகிவிட்டாள். யாரும் அழித்துவிடாதபடி அதன் ஓரத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. எழுத முடியவில்லை, மறுபடி முயலவா என்று கேட்டது இயந்திரம். அவள் அதை உருவி, வருகைப் பிளாப்பியைச் செருகி, மறுபடி முயல் என்று தட்டினாள்.

பிளாப்பி மாறியதே இயந்திரத்துக்குத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று முதல் பிளாப்பியில் படித்த அட்டவணையையே நினைவில் வைத்திருந்தது. இன்னொரு முறை பார்க்கச் சோம்பல்பட்டு, அதையே இதன் மேல் எழுதித் தள்ளியது. திறந்தால் பெண்கள் ஒருவரும் இல்லை. வெறும் பஞ்சுப் பொதிகள்.

சுகிர்தம் எழுந்தாள். நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தித் தீர்த்ததும், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நூலைச் சிட்டமாகச் சுற்றும் கூடத்துக்கு நடந்தாள். வராத நாட்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். கூலி போன நாளை யார் மறப்பார்கள்? வீரபாண்டித் திருவிழாவுக்கு மூன்று நாள், பிள்ளைக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள். இயந்திரங்களின் ரீங்காரத்துக்குள் அந்த நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சுகிர்தம் கனவில் கேட்பதுபோல் கேட்டு எழுதினாள்.

கடைசியாகப் பவுனு. இரண்டு வருஷத்து வேலை நாட்களிலிருந்து அவள் வராத நாட்களைக் கழித்தால் சரியாக 480.

"அக்கா, டிஸ்க்குல ஒங்களுக்கு 478 தான இருந்துச்சு?"

"ஆடிக்காத்துல போஸ்ட்டு சாஞ்சு ரெண்டு நாளு கரண்டு இல்லயே தாயி. வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனாக. நாங்க வந்தோம்ல?"

அந்த இரண்டு நாட்களும் டிஸ்க்கில் எல்லோருக்குமே விடுபட்டிருந்தன. மற்றவர்களுக்கு 480-ஐத் தாண்டியும் நாட்கள் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பிளாப்பி பிழைத்திருந்தால் பவுனு வெளியே நின்றிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஞானசிகாமணி பட்டியலில் பவுனுவின் பெயர்மேல் விரல் வைத்தார். "ஏம்மா, கரண்டு இல்லாத ரெண்டு நாளும் இதுல சேந்திருக்கே?"

"டிஸ்க்குதான் சார் கொறச்சுக் காமிச்சது. நம்மதான் திருப்பி அனுப்புனோம். அவுகளயே கூப்பிட்டுக் கேளுங்க."

தலைமுடியெல்லாம் பஞ்சோடு பவுனு வந்து நின்றாள். இரண்டு வருஷமாக அவள் பெயரை எழுத்தில் மட்டுமே பார்த்த மனிதர் முதன்முதலாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்தியாம்மா?"

"வந்தேன் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார்.